கை நனைப்பதும் கை கழுவுவதும்: சோப்பு உண்மையில் என்ன செய்கிறது?

இலை போட்டாகிவிட்டது. கல்யாண மண்டபத்தின் குழாயடியில் கூட்டம். ஒவ்வொருவராக வந்து குழாயைத் திருகி, வலது கை விரல்களை மட்டும் நீட்டி, இரண்டு விநாடி நனைத்து, உதறிவிட்டுப் பந்திக்குப் போகிறார்கள். சோப்பு பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் சீண்டவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அதே குழாய், அதே ஆட்கள். இப்போது சோப்புக்குப் போட்டி. நெய்யும் வத்தக்குழம்பும் கையில் இருக்கின்றன, பட்டுப்புடவையில் பட்டுவிட்டால் அவ்வளவுதான்.

ஒருவர் வீட்டில் சாப்பிடுவதை 'கை நனைப்பது' என்று சொல்கிற மொழி நம்முடையது. சாப்பாட்டுக்கு முன்னால் நாம் செய்வது சொல்லுக்குச் சொல் அதுதான். நனைக்கிறோம். கழுவுவது சாப்பிட்ட பிறகு. இந்த வரிசை தலைகீழாக இருப்பதற்குச் சோம்பலை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. சோப்பு எதற்கு என்பதைப் பற்றி நமக்குள் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, அது பிசுக்கையும் வாடையையும் போக்கும் பொருள். இன்னொன்று, அது கிருமியைக் கொல்லும் மருந்து. பிசுக்கும் இல்லை, நோயும் இல்லை என்றால் சோப்பு எதற்கு என்று கை தானாகவே முடிவு செய்துவிடுகிறது. இந்த இரண்டு எண்ணங்களுக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

தாமரை இலையும் வடைச்சட்டியும்

வடை சுட்ட சட்டியைக் குழாயடியில் காட்டிப் பாருங்கள். தண்ணீர் சட்டியில் பரவாது. முத்து முத்தாகத் திரண்டு, உருண்டு, விளிம்பு வழியாக ஓடிவிடும். எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். தாமரை இலை மேல் தண்ணீர் ஒட்டாமல் ஓடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். இலையின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு, அதோடு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் சேர்ந்து தண்ணீரைத் தள்ளிவிடுகின்றன.

தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்பவை. எண்ணெய்த் துகள்களிடம் அவற்றுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் எண்ணெயைக் கண்டால் தண்ணீர் தன் கூட்டத்தோடு சேர்ந்து ஒதுங்கிவிடுகிறது. தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல விறைப்பாக இருப்பதும் இந்தப் பிடிப்பால்தான். இந்த விறைப்புக்குப் பள்ளிப் புத்தகத்தில் பரப்பு இழுவிசை என்று பெயர். பெயர் நினைவிருக்கட்டும், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

நம் கையும் ஒரு சின்ன வடைச்சட்டிதான். உள்ளங்கைத் தோலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. ஆனால் நெற்றியைத் துடைக்கிறோம், தலையைக் கோதுகிறோம், பஸ் கம்பியைப் பிடிக்கிறோம், பஜ்ஜி தின்கிறோம். எண்ணெய் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். அந்த மெல்லிய பிசுக்குப் படலத்தில் வியர்வை, தூசு, உதிர்ந்த தோல் எல்லாம் ஒட்டுகின்றன. கிருமியும் அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. வெறும் தண்ணீரைக் காட்டினால் அந்தப் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். தேய்த்துக் கழுவினால் வெறும் தண்ணீரும் கொஞ்சம் அழுக்கைக் கொண்டுபோகும் என்பது உண்மைதான். பந்திக்கு முன்னால் யாரும் தேய்ப்பதில்லையே.

இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த தலைப்பிரட்டை

எண்ணெயையும் தண்ணீரையும் பேச வைக்க ஒரு தரகர் வேண்டும். சோப்பு செய்வது அந்த வேலை.

தேங்காய் எண்ணெய், பாமாயில் போன்ற ஒரு கொழுப்பை எடுத்துக் காஸ்டிக் சோடா என்ற கடும் காரத்தோடு சேர்த்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். காரம் என்பது அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்ட பொருள். சுண்ணாம்பு, சாம்பல் நீர், சலவைச் சோடா எல்லாம் இந்த வகை. பாட்டி காலத்தில் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கியதில் வேதியியல் இருந்தது. சாம்பலின் காரம் பாத்திரத்து எண்ணெயோடு கலந்து அங்கேயே கொஞ்சம் சோப்பை உண்டாக்கும். மீதி வேலையைத் தேங்காய் நார் பார்த்துக்கொள்ளும்.

சோப்பின் மிகச் சிறிய துகளை, அதாவது ஒரு மூலக்கூறைப் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தால் அது குளத்துத் தலைப்பிரட்டை மாதிரி இருக்கும். ஒரு தலை, நீண்ட வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வால் கொழுப்பிலிருந்து வந்தது என்பதால் அதற்கு எண்ணெய்தான் பிடிக்கும், தண்ணீர் ஆகாது.

பிசுக்குள்ள கையில் சோப்பைத் தேய்க்கும்போது வால்கள் எல்லாம் எண்ணெய்க்குள் புகுந்துகொள்கின்றன. தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்தபடி நிற்கின்றன. தேய்க்கத் தேய்க்கப் படலம் கிழிந்து சின்னச் சின்ன உருண்டைகளாக உடைகிறது. ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் எண்ணெய், சுற்றிலும் வால்கள், வெளிப்புறம் முழுக்கத் தலைகள். இப்படிச் சோப்பு மூலக்கூறுகள் வாலை உள்ளே வைத்துக் கூடி நிற்கும் திரளுக்கு மிசெல் என்று பெயர். வெளியிலிருந்து பார்க்கும் தண்ணீருக்கு எண்ணெயே தெரியாது, தனக்குப் பிடித்த தலைகள் மட்டும்தான் தெரியும். தண்ணீர் ஏமாந்து மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது.

சிகைக்காயும் பூந்திக்கொட்டையும் இதே இரட்டைக் குணம் கொண்டவைதான். அவற்றில் இருக்கும் சப்போனின் என்ற பொருளுக்கும் தண்ணீரை விரும்பும் பக்கம் ஒன்றும் எண்ணெயை விரும்பும் பக்கம் ஒன்றும் உண்டு. தீபாவளியன்று தலையில் வைத்த நல்லெண்ணெயை ஒரு பொடி எப்படி எடுக்கிறது என்று யோசித்திருந்தால், பதில் இதுதான்.

இதுவரை பார்த்தது: தண்ணீர் எண்ணெயைத் தொடாது, சோப்பு இரண்டையும் பிடித்துக் கொடுக்கிறது, எண்ணெய் போனால் அதில் ஒட்டியிருந்ததும் போகிறது. இன்னும் எதையும் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கிருமி சாகிறதா, ஓடுகிறதா?

2020இல் கொரோனா வந்தபோது 'சோப்பு போட்டால் கொரோனா செத்துவிடும்' என்று ஊரெல்லாம் பேசினார்கள். அது சரியான செய்திதான். அந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. கொழுப்பைக் கண்டால் சோப்பின் வால் சும்மா இருக்காது. உள்ளே நுழைந்து உறையைக் குலைத்துவிடும். உறை போனால் வைரஸால் நம் செல்லுக்குள் நுழைய முடியாது. இன்ஃபுளுயன்சா வைரஸுக்கும் இதே கதி.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு செய்தியை நாம் எல்லாக் கிருமிகளுக்கும் நீட்டிவிட்டோம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ், போலியோ, மஞ்சள் காமாலை வகைகளில் ஒன்றான ஹெபடைடிஸ் ஏ ஆகியவற்றுக்குக் கொழுப்புறையே கிடையாது. சோப்பின் வாலுக்கு அங்கே பிடி இல்லை. பாக்டீரியாக்களும் பெரும்பாலும் சாதாரணச் சோப்பில் சில விநாடிகளில் செத்துப்போவதில்லை.

ஆனால் அவை கையை விட்டுப் போகின்றன. காலுக்கடியில் இருந்த பிசுக்கு கரைந்து, நிற்க இடமில்லாமல், நுரையோடு கழன்று, ஓடுகிற தண்ணீரில் சாக்கடைக்குப் போகின்றன. உயிரோடு போனால் என்ன, செத்துப் போனால் என்ன? நம் வாய்க்குள் போகாமல் இருந்தால் சரி. மிசெல் கிருமியை விழுங்கிவிடும் என்று சில படங்களில் வரைந்திருப்பார்கள். அது நடக்காது. ஒரு பாக்டீரியா சுமார் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். மிசெல் அதைவிடப் பல நூறு மடங்கு சின்னது. யானையைச் சிமிழுக்குள் அடைக்கிற கதைதான் அது. சோப்பு கிருமியின் காலடி மண்ணைக் கரைக்கிறது, அவ்வளவே.

இது புரிந்தால் கை கழுவுவதில் எது முக்கியம் என்பதும் மாறிவிடும். சோப்பு கொல்லும் மருந்து என்றால், தடவியதும் வேலை முடிந்தது. சோப்பு பெயர்த்தெடுக்கும் கருவி என்றால், தேய்ப்பும் நேரமும் ஓடும் தண்ணீரும்தான் பாதி வேலை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறைந்தது 20 விநாடி தேய்க்கச் சொல்கிறது. ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். வெந்நீர்தான் வேண்டும் என்பதில்லை, பச்சைத் தண்ணீரே போதும். ஓட்டலில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீர்க் கிண்ணத்தை நீட்டுகிறார்களே, அது வாடைக்குச் சரி. கழன்றது எதுவும் அந்தக் கிண்ணத்தை விட்டு எங்கேயும் போவதில்லை.

கையில் எல்லாக் கிருமியும் வேண்டாதவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோலிலேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர்கள் மாதிரி, பெரும்பாலும் தொந்தரவு இல்லாதவை. ஆழமாக இருப்பதால் சாதாரணமாகக் கழுவினால் போகாது, போகவும் தேவையில்லை. நாம் விரட்ட நினைப்பது கதவுப்பிடியிலும் ரூபாய் நோட்டிலும் கழிப்பறையிலும் இருந்து வந்து ஒட்டிய வழிப்போக்கர்களை. அவர்கள் மேலாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மிளகுத்தூள் வித்தை

தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூளைத் தூவி, 'இதுதான் கிருமி' என்கிறார்கள். விரலில் சோப்பைத் தொட்டு நடுவில் வைத்ததும் மிளகுத்தூள் அலறியடித்து ஓரத்துக்கு ஓடுகிறது. 'பார்த்தீர்களா, சோப்பைக் கண்டால் கிருமி ஓடும்!' கைதட்டல். பள்ளி விழாக்களிலும் வாட்ஸ்அப் காணொளிகளிலும் இதை எத்தனை முறை பார்த்துவிட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும், குழந்தைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அங்கே நடப்பது பரப்பு இழுவிசையின் விளையாட்டு. சோப்பு பட்ட இடத்தில் தண்ணீரின் விறைப்பு தளர்ந்துவிடுகிறது. ஓரத்துத் தண்ணீர் இன்னும் விறைப்பாக இருப்பதால் மேற்பரப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மிதக்கும் மிளகுத்தூள் அந்த இழுப்போடு போகிறது. கிருமி சோப்பைக் கண்டு பயந்து ஓடாது. அதற்குக் கண்ணும் இல்லை, பயமும் இல்லை. குழந்தைகளுக்கு ஆர்வம் வரட்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் சோப்பைத் தொட்டால் போதும், மற்றது தானாக ஓடிவிடும் என்ற பாடத்தையும் அது சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. வழக்கமாக நாம் செய்யும் தப்பு எதுவோ, அதையேதான்.

'கிருமிநாசினி சோப்பு' வேண்டுமா?

கடையில் அதிக விலைக்கு விற்கும் சோப்புகளில் 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று போட்டிருக்கும். எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பத்து லட்சம் கிருமிகளில் 99.9 சதவீதம் போனால் ஆயிரம் மிச்சம். அதுவும் ஆய்வுக்கூடத்தில், குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட கிருமிமேல் சோதித்த கணக்கு. மூன்று விநாடியில் கழுவிவிட்டு ஓடும் கைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இதைப் பற்றிப் பேசும்போது கராச்சியில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியாது. நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் 300 வீடுகளுக்குச் சாதாரணச் சோப்பும், இன்னொரு 300 வீடுகளுக்குக் கிருமிநாசினி சேர்த்த சோப்பும் கொடுத்தார்கள். எப்போது, எப்படிக் கை கழுவ வேண்டும் என்பதை வாராவாரம் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்படி ஓராண்டு. வேறு சில குடியிருப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டார்கள். முடிவு 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. சோப்பு பெற்ற பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா 50 சதவீதம் குறைந்திருந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு சோப்புக்கும் இடையே வித்தியாசம்? சொல்லும்படி எதுவும் இல்லை.

நுரையீரல் நோய் எப்படிக் குறைந்தது என்று தோன்றலாம். இருமும் கை, சளி துடைக்கும் கை, குழந்தையின் முகத்தைத் தொடும் கை எல்லாம் ஒரே கைதான்.

2016 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் டிரைகுளோசன், டிரைகுளோகார்பன் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்த்து விற்கக் கூடாது என்றது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேல் என்பதை நிறுவனங்கள் நிரூபித்துக் காட்டவில்லை என்பது முக்கியக் காரணம். மருத்துவமனைகளின் தேவை வேறு. நம் வீட்டுக் குழாயடிக்கு விலை குறைந்த சோப்பே போதும்.

சுருக்கமாக: கிருமியைப் பெயர்த்து ஓட்டுவதுதான் சோப்பின் முதல் வேலை, சில வைரஸ்களைக் குலைப்பது கூடுதல் லாபம். மேலட்டையில் போட்டிருக்கும் சதவீதத்தைவிடக் குழாயடியில் நிற்கும் நேரம் முக்கியம்.

நுரையே வரவில்லை என்றால்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். நாம் அதை உப்புத் தண்ணீர் என்கிறோம், ஆனால் குற்றவாளி சமையல் உப்பு இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள். இவை மிகுந்த தண்ணீருக்குக் கடின நீர் என்று பெயர். தலைப்பிரட்டையின் தலையை கால்சியம் பிடித்துக்கொள்கிறது. உடனே சோப்பு தண்ணீரில் கரையாத வெள்ளைப் பிசினாகிவிடுகிறது. வாளியில் ஒட்டியிருப்பது அதுதான். இருக்கிற கால்சியத்துக்கெல்லாம் சோப்பைப் பலி கொடுத்த பிறகு மிச்சமிருப்பதுதான் அழுக்கை எடுக்கும்.

அதனால் கடின நீரில் சோப்பு கூடுதலாகத் தேவை. ஷாம்பூவும் திரவ வகைக் கைகழுவிகளில் பெரும்பாலானவையும் இந்தத் தண்ணீரிலும் நுரைப்பதற்குக் காரணம், அவை உண்மையில் சோப்பு அல்ல. தலைப்பகுதி வேறு மாதிரியாகச் செய்யப்பட்ட உறவுக்காரப் பொருள்கள். நுரை என்பது காற்றுக் குமிழி மட்டுமே. அது வந்தால் சோப்பு வேலைக்குத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம்.

சானிடைசர் பற்றி ஒரு பத்தி

அது கொல்லும், கழுவாது. குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் பல கிருமிகளைச் சமாளிக்கும். ஆனால் மண்ணும் எண்ணெயும் படிந்த கையில் அது அழுக்கைத் தாண்டிப் போக முடியாமல் திணறும். கொழுப்புறை இல்லாத நோரோ வைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது. பஸ் பயணத்தில் தண்ணீர் இல்லாதபோது வைத்துக்கொள்ளலாம். குழாய் பக்கத்தில் இருந்தால் குழாய்தான்.

மஞ்சள் சோதனை

மிளகுத்தூளுக்குப் பதிலாக நான் வீட்டில் செய்து காட்டுவது இது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளின் கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கொட்டி, இரு கைகளிலும் முழுக்கப் பூசிக்கொள்ளச் சொன்னேன். முதலில் வெறும் தண்ணீர். வழக்கம்போல இரண்டு விநாடி நனைத்தாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டது, மஞ்சள் அசையவில்லை.

அடுத்தது குளியல் சோப்பு. தேய்க்கத் தொடங்கியதும் கத்தினாள். மஞ்சள் எல்லாம் செங்கல் நிறமாகிக்கொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்கிறதே, அதே வேலை. சோப்பு காரத்தன்மை கொண்டது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆகவே எங்கெல்லாம் சிவந்ததோ அங்கெல்லாம் சோப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கே மஞ்சளாகவே நிற்கிறதோ அங்கே போகவில்லை. திரவக் கைகழுவியில் பெரும்பாலும் இந்த நிறமாற்றம் வராது, கட்டிச் சோப்புதான் வேண்டும்.

கழுவிவிட்டு வெளிச்சத்தில் கையைப் பார்த்தோம். தோலில் ஏறிய சாயம் லேசாக எங்கும் இருக்கும், அதை விட்டுவிடலாம். திட்டாக நின்ற இடங்கள்தான் கணக்கு. உள்ளங்கை சுத்தம். கட்டைவிரலைச் சுற்றி அப்படியே மஞ்சள். விரலிடுக்குகளிலும் நகக்கண்ணிலும் மஞ்சள். சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குத் தள்ளும் விரல் எது என்று கேட்டேன். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை இருபது வரை எண்ணினாள். ஒரு கையால் மறு கையின் கட்டைவிரலைப் பிடித்துத் திருகினாள், நகங்களை உள்ளங்கையில் சுரண்டினாள், விரல்களைக் கோத்துத் தேய்த்தாள். துவைத்து வைத்த துண்டில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டாள். ஈரக் கையில் கிருமி எளிதாக ஏறும் என்று சொல்லியிருந்தேன். என் வேட்டி நுனியை அவள் நம்பவில்லை.

"இப்போது நீங்கள், மாமா" என்றாள். பூசிக்கொண்டேன், கழுவினேன், பெருமையாக நீட்டினேன். அவள் எதுவும் சொல்லவில்லை. என் மோதிரத்தை மெல்ல மேலே தள்ளினாள். அதற்கடியில் ஒரு மஞ்சள் வளையம், துளிகூடச் சிவக்காமல்.